பெருந்தமனி ஆபரேஷனுக்குப் பிறகு தழும்பில் புடைப்பு: ஏன் வருகிறது, என்ன செய்வது

கேள்வி இது. அப்பாவுக்கு 67 வயது. வயிற்றுக்குள் போகும் பெரிய ரத்தக்குழாய், அதாவது அயோர்டா, வீங்கி இருந்ததால் போன வருடம் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து செயற்கைக் குழாய், அதாவது கிராஃப்ட், வைத்தார்கள். இப்போது தொப்புளுக்கு மேலே தழும்பு ஓரத்தில் இருமும்போது புடைக்கிறது, படுத்தால் போய்விடுகிறது. ஹெர்னியா என்று சொல்லிவிட்டார்கள். தையல் சரியாகப் போடவில்லையா, அப்பா தண்ணீர் கேன் தூக்கியதால் வந்ததா, திரும்ப வயிற்றைத் திறக்க வேண்டுமா, உள்ளே இருக்கும் கிராஃப்டுக்கு ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பொது அறுவை சிகிச்சை செய்பவன், வயிற்றுச் சுவர் ஹெர்னியாக்கள் என் அன்றாட வேலை. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தையலைத் திட்ட அவசரப்பட வேண்டாம், கேன் மேல் பழி போடவும் வேண்டாம். நீங்கள் சொல்வது போல படுத்தால் தானாக உள்ளே போகிற, வலி இல்லாத புடைப்பு என்றால் இன்றைக்கே ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் அப்படியே மறந்துவிடுகிற விஷயமும் இல்லை.

நடந்தது என்ன என்றால், நெஞ்செலும்புக்குக் கீழேயிருந்து தொப்புளைத் தாண்டி நீளமாக ஒரு கோடு கிழித்துத்தான் இந்த ஆபரேஷனைச் செய்வார்கள். அந்தக் கோட்டில் தசை கிடையாது, இரண்டு பக்கத் தசைகளின் உறைகள் நடுவில் சேரும் கெட்டியான வெள்ளைப் பட்டைதான் இருக்கிறது. வயிற்றின் மொத்த அழுத்தத்தையும் தாங்குவது அதுதான், மேலே தெரிகிற தோல் தையலுக்கு இதில் பங்கே இல்லை. தோல் பத்து நாளில் அழகாகக் கூடிவிடும், வீட்டில் எல்லோரும் காயம் ஆறிவிட்டது என்று நினைப்பார்கள். உள்ளே இருக்கும் பட்டைக்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய பாதி பலம்தான் திரும்பியிருக்கும், ஒரு வருடம் ஆனாலும் பழைய முழு பலம் வராது. அந்தப் பட்டையில் எங்காவது இடைவெளி விழுந்தால் அதன் வழியாக உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ தோலுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுதான் நீங்கள் பார்க்கும் புடைப்பு.

வயிற்றைத் திறக்கும் எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் இது வரலாம், பித்தப்பை, குடல், கர்ப்பப்பை எதுவானாலும். ஆனால் அயோர்டா வீங்கி ஆபரேஷன் ஆனவர்களுக்கு மட்டும் இது கணக்குக்கு மீறி வருகிறது. அதே அயோர்டாவில், அதே நீளக் கோடு போட்டு, வீக்கத்துக்காக இல்லாமல் அடைப்புக்காக ஆபரேஷன் செய்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வெட்டு ஒன்றுதான், செய்பவர்களும் அதே சர்ஜன்கள்தான், பெரும்பாலும் இரண்டு கூட்டமுமே புகைபிடிப்பவர்கள். அப்படியும் வீக்கம் இருந்தவர்களுக்கு ஹெர்னியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு நிற்கவில்லை, கத்தியே படாத தொடையிடுக்கில் வரும் சாதாரண ஹெர்னியாவும் இவர்களுக்குத்தான் அதிகம். அப்பாவுக்கு முன்னாடியே அப்படி ஒன்று இருந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இருந்திருந்தால் எனக்கு ஆச்சரியமே இருக்காது.

காரணம் ரத்தக்குழாயையும் வயிற்றுச் சுவரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் நார்ப்பொருளில் இருக்கிறது. கொலாஜன், எலாஸ்டின் என்ற இரண்டும்தான் அயோர்டாவின் சுவருக்கு பலம் தருகின்றன. வீக்கம் வரும் நோயாளிகளிடம் இவற்றை அரிக்கும் நொதிகள் கூடுதலாக வேலை செய்கின்றன, உடல் புதிதாகக் கட்டும் கொலாஜனும் கெட்டியான ரகம் குறைந்து மெல்லிய ரகம் கூடியதாக இருக்கிறது. 1981-லேயே அமெரிக்காவில் கேனன், ரீட் என்ற இருவர், புகைபிடிப்பவர்களின் நுரையீரலை அரிக்கிற அதே சங்கதி ரத்தத்தோடு போய் தொடையிடுக்குச் சுவரையும் அரிக்கிறது என்று எழுதினார்கள். அயோர்டா வீங்கியது, ஹெர்னியா வந்தது, நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டுரைதான் நினைவுக்கு வரும். நைந்துபோன வேட்டியை நல்ல நூலால் தைத்துப் பாருங்கள், நூல் அறுவதில்லை, நூல் போன இடத்தில் துணிதான் கிழியும். அப்பாவின் வயிற்றில் நடந்ததும் பெரும்பாலும் அதுதான்.

எவ்வளவு பேருக்கு வருகிறது என்பதற்கு நல்ல ஆய்வுக் கணக்கே இருக்கிறது. பெல்ஜியத்தில் அயோர்டா வீக்கத்துக்குத் திறந்த ஆபரேஷன் ஆன 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வழக்கமான தையல் மட்டும், இன்னொரு கூட்டத்துக்கு முதல் ஆபரேஷனிலேயே தசைக்குப் பின்னால் ஒரு வலை, அதாவது மெஷ், வைத்துத் தைத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் வெறும் தையல் கூட்டத்தில் 28 சதவீதம் பேருக்கு ஹெர்னியா, மெஷ் கூட்டத்தில் ஒருவருக்கும் இல்லை. 2016-ல் வெளிவந்தது இது. அடுத்த வருடமே நெதர்லாந்துக்காரர்கள் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வு ஒன்று வந்தது. 480 பேர், எல்லோரும் அயோர்டா வீக்கம் உள்ளவர்கள் அல்லது உடல் எடை அதிகம் உள்ளவர்கள். அதிலும் இரண்டு வருடத்தில் வெறும் தையலுக்கு 30 சதவீதம், மெஷ்ஷைப் பட்டைக்கு மேலே வைத்தவர்களுக்கு 13, தசைக்குப் பின்னால் வைத்தவர்களுக்கு 18. மேலே வைத்தவர்களுக்குத் தோலுக்கு அடியில் நீர் கட்டுவது அதிகமாக இருந்தது, அது வேறு கதை. ஆக கவனமாகத் தைத்து, கவனமாகக் கண்காணித்த இடங்களிலேயே பத்தில் மூன்று பேருக்கு வருகிறது. உங்கள் அப்பா அந்த மூன்றில் ஒருவர்.

அப்படியென்றால் முதலிலேயே மெஷ் வைத்திருக்கலாமே என்று உடனே கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வைக்கலாம், ஐரோப்பிய வழிகாட்டுதல்களில் அதற்கு இடமும் இருக்கிறது. ஆனாலும் இன்னும் பல இடங்களில் வழக்கமாகவில்லை. மணிக்கணக்காக ரத்தக்குழாயோடு போராடி முடித்தபின் நோயாளியின் ரத்த அழுத்தம், உடல் சூடு எல்லாம் ஒரு மாதிரி இருக்கும்போது இன்னும் அரை மணி நேரம் மயக்கத்தை நீட்ட யாரும் விரும்ப மாட்டார்கள். வீக்கம் வெடித்து அவசரமாக வந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம், உயிர் பிழைத்தாலே போதும் என்ற நிலை. குடல் வீங்கி வயிற்றை மூடவே முடியாமல் சில நாள் திறந்தபடி வைத்து, பிறகு ஹெர்னியா வரும் என்று தெரிந்தே தோலை மட்டும் மூடி அனுப்புவதும் உண்டு.

தையலுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பட்டையைத் தைக்கும் நூலின் நீளம் வெட்டின் நீளத்தைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்பது 1970-களிலிருந்தே தெரிந்த கணக்கு. ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளிப் பெரிதாகக் குத்துவதைவிட, 5 மில்லிமீட்டர் ஓரம், 5 மில்லிமீட்டர் இடைவெளி என்று நெருக்கமாகச் சின்னச் சின்னதாகக் குத்துவது மேல் என்று 2015-ல் நெதர்லாந்தில் 560 பேரிடம் பார்த்து நிரூபித்தார்கள், ஒரு வருடத்தில் ஹெர்னியா 21 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் எந்த முறையில் தைத்தாலும் பூஜ்யமாகவில்லை. அதனால் புடைப்பு வந்திருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து அந்த சர்ஜன் மோசமாகத் தைத்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. காயத்தில் சீழ் பிடித்ததா, ஆபரேஷன் ஆன அந்த வாரங்களில் கடுமையான இருமல் இருந்ததா, திரும்பத் திரும்ப வயிற்றைத் திறந்தார்களா என்பதெல்லாம் தையலுக்குச் சமமான எடை உள்ள விஷயங்கள்.

சரி, தண்ணீர் கேன். இருபது லிட்டர் கேனைத் தூக்கிக் கவிழ்த்ததை வைத்து அம்மா அப்பாவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன், எல்லா வீட்டிலும் இதே காட்சிதான். 1989-ல் வந்த பழைய ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது. வயிற்றை மூடும்போதே பட்டையின் இரண்டு ஓரங்களிலும் சின்ன உலோகக் கிளிப்புகளைப் போட்டுவிட்டு, பிறகு எக்ஸ்ரே எடுத்து அவை எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தார்கள். முதல் மாதத்திலேயே 12 மில்லிமீட்டருக்கு மேல் விலகியவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பின்னால் ஹெர்னியா வந்தது. அதாவது முதல் மாதத்துக்குள்ளேயே உள்ளே விரிசல் விழுந்துவிடுகிறது, வெளியே தெரிய மாதங்கள், சில சமயம் இரண்டு மூன்று வருடங்கள் ஆகிறது, அவ்வளவுதான். ஏழாவது எட்டாவது மாதத்தில் தூக்கிய கேன் ஏற்கெனவே இருந்த ஓட்டையைக் காட்டிக் கொடுத்திருக்கலாம், ஓட்டையை உண்டாக்கியிருக்காது. அதற்காக இனிமேலும் தூக்கலாம் என்று அர்த்தம் இல்லை, கேனை வேறு யாராவது மாற்றட்டும்.

காலிடுக்கு வழியாகக் குழாய் விட்டு உள்ளேயே ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்கும் முறையில் செய்திருந்தால் இது வந்திருக்காதே என்றும் சிலர் சொல்வார்கள். 1990-ல் அர்ஜென்டினாவில் பரோடி தொடங்கி வைத்த முறை அது, வயிற்றைத் திறப்பதே இல்லை, அதனால் இந்த ஹெர்னியாவுக்கு வழியே இல்லை. அமெரிக்க அரசுக் காப்பீட்டில் இருந்த வயதானவர்களை நான்கு வருடம் தொடர்ந்து பார்த்ததில், வயிற்றுச் சுவர் ஹெர்னியா, குடல் ஒட்டல் போன்ற வகைப் பிரச்சினைகளுக்காக மறுபடி ஆபரேஷன் ஆனவர்கள் திறந்த முறையில் 9.7 சதவீதம், ஸ்டென்ட் முறையில் 4.1 சதவீதம். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கிராஃப்ட் சம்பந்தமான மறு சிகிச்சை அதிகம், வாழ்நாள் முழுக்க ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், எல்லோருடைய அயோர்டா அமைப்புக்கும் அது பொருந்தவும் பொருந்தாது. முடிந்த முடிவைப் பற்றி இப்போது வருந்திப் பயன் இல்லை.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒன்று. நடுவில் கோடு போடாமல் இடது விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் வெட்டி அயோர்டாவை அடையும் முறையும் இருக்கிறது. அவர்களில் சிலருக்கு அந்தப் பக்க வயிறு முழுவதும் தொளதொளவென்று வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அங்கே பெரும்பாலும் ஓட்டை இருக்காது, கீழ் விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு அடிபட்டுத் தசை செயலிழந்து போயிருக்கும். குடல் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இல்லை, ஆபரேஷன் செய்தாலும் பார்க்க முழுசாகச் சரியாவது கஷ்டம். சி.டி. ஸ்கேன் எடுத்தால் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

இப்போது அப்பாவுக்கு என்ன செய்வது. முதலில் ஆபத்தான அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஆள் உட்பட. வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு படுத்தாலும் போகாமல் கல் மாதிரி கெட்டியாகி வலிக்கிறது, வாந்தி வருகிறது, காற்றும் மலமும் போகவில்லை, மேலே தோல் சிவக்கிறது என்றால் குடல் மாட்டிக்கொண்டு ரத்த ஓட்டம் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அது மணிக்கணக்கில் முடிவாகிற விஷயம். விளக்கெண்ணெய் தடவி அமுக்கி உள்ளே தள்ளுவது, பேதிக்குக் கொடுப்பது, காலை வரை பார்க்கலாம் என்று காத்திருப்பது எதுவும் வேண்டாம். சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காமல் உடனே ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். அயோர்டாவில் கிராஃப்ட் இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க இன்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற இரண்டையும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். இதில் ஒரு விசித்திரம், பார்க்கப் பயமாக இருக்கும் பெரிய அகலமான ஹெர்னியாவைவிட, எலுமிச்சம்பழ அளவு புடைப்பும் குறுகிய வாயும் உள்ள சின்ன ஹெர்னியாவில்தான் குடல் இப்படி நெரிபட வாய்ப்பு அதிகம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் நிதானமாக முடிவெடுக்க நேரம் இருக்கிறது. ஒரு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். ஓட்டை எத்தனை சென்டிமீட்டர், ஒன்றா பலவா, உள்ளே வந்திருப்பது கொழுப்பா குடலா என்று தெரியும். கையில் தொட்டுப் பார்த்து ஒன்று என்று நினைத்த இடத்தில் தழும்பு நெடுகிலும் மூன்று நான்கு ஓட்டை இருப்பது சகஜம். கிராஃப்டின் இணைப்புகள் நன்றாக இருக்கின்றனவா என்பதையும் அதே ஸ்கேனில் பார்த்துவிடலாம், ஆனால் அதற்கு ரத்தக்குழாய் தெளிவாகத் தெரிய கான்ட்ராஸ்ட் என்ற மருந்தை ஏற்ற வேண்டும், அது சிறுநீரகத்துக்குச் சுமை, இந்த வயதில் இந்த நோய் உள்ளவர்களுக்குச் சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனமாக இருக்கலாம் என்பதால் முதலில் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ளுங்கள். ஹெர்னியாவை மட்டும் பார்க்க அந்த மருந்து தேவையில்லை.

ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்பது புடைப்பைவிட ஆளைப் பொறுத்தது. அயோர்டா வீங்கிய பலருக்கு இதயக் குழாய்களிலும் அடைப்பு இருக்கும், நுரையீரலும் பாதியாக இருக்கும். வலி இல்லை, மெல்லப் பெரிதாகவும் இல்லை, ஆளுக்கு இதயம் ரொம்பப் பலவீனம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதே சரி என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். வலிக்கிறது, வேகமாகப் பெரிதாகிறது, குடல் வந்து வந்து போகிறது, வாய் குறுகலாக இருக்கிறது, ஆள் இரண்டு மாடி ஏறக்கூடிய தெம்போடு இருக்கிறார் என்றால் திட்டமிட்டுச் செய்துவிடுவது நல்லது. நடு ராத்திரியில் அவசரமாகச் செய்வதைவிட அது எவ்வளவோ மேல்.

செய்வது என்று முடிவானால் மெஷ் இல்லாமல் வெறும் தையல் போடும் பேச்சே வேண்டாம். சாதாரண நோயாளிகளிடமே வெறும் தையலில் மூன்று வருடத்தில் 43 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, மெஷ் வைத்தவர்களுக்கு 24 சதவீதம் என்று 2000-லேயே காட்டிவிட்டார்கள். உங்கள் அப்பாவைப் போல நாரே பலவீனமானவர்களுக்கு வெறும் தையல் என்பது தோற்றுப்போன வழியிலேயே மறுபடி போவது. மெஷ்ஷைத் தசைக்குப் பின்னால், குடல் நேரடியாகத் தொடாத அடுக்கில் வைப்பது என் விருப்பம். சின்ன ஓட்டைகளை லேப்ராஸ்கோப்பியிலும், அதாவது சின்னத் துளைகள் வழியாக கேமரா விட்டும், செய்யலாம், ஆனால் முந்தைய ஆபரேஷனால் குடல் வயிற்றுச் சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் உள்ளே நுழைந்து பார்த்துத்தான் தெரியும். ரொம்பப் பெரிய ஓட்டை என்றால் தசை அடுக்குகளைப் பிரித்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும், சிலருக்குச் சில வாரம் முன்பே பக்கத் தசைகளில் போடாக்ஸ் ஊசி போட்டுத் தளர்த்துவார்கள். அது அதிகம் செய்து பழகிய இடத்தில்தான் செய்ய வேண்டும்.

கிராஃப்டுக்கு ஆபத்தா என்ற பயத்துக்கு வருகிறேன். கிராஃப்ட் முதுகெலும்பை ஒட்டி, குடலுக்கெல்லாம் பின்னால், தனி உறைக்குள் இருக்கிறது. நாங்கள் வேலை செய்வது முன்பக்கச் சுவரில், அதைத் தொடவே மாட்டோம். உண்மையான கவலை கிருமிதான். ஒட்டியிருக்கும் குடலைப் பிரிக்கும்போது ஓட்டை விழுந்தாலோ மெஷ் சீழ் பிடித்தாலோ அது ரத்தம் வழியாகக் கிராஃப்டுக்குப் போனால் உயிருக்கே வம்பு. அதனால்தான் பல் சொத்தை, காலில் ஆறாத புண், சிறுநீர்த் தொற்று என்று உடம்பில் எங்கே கிருமி இருந்தாலும் அதை முடித்துவிட்டுத்தான் தேதி குறிப்போம். தொடையிடுக்கிலிருந்து தொடையிடுக்குக்கு, அடிவயிற்றுத் தோலுக்கு அடியிலேயே குறுக்காக பைபாஸ் குழாய் போட்டவர்கள் சிலர் இருப்பார்கள், அவர்களுக்கு மட்டும் முன்பக்கத்திலேயே குழாய் ஓடுவதால் ஹெர்னியா சர்ஜனிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தேதிக்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, சொல்லப்போனால் ஆபரேஷனைவிட முக்கியம் என்பேன். பீடி சிகரெட் குறைந்தது நான்கு வாரம் முன்பே முழுசாக நிற்க வேண்டும், குறைத்துக்கொண்டேன் என்ற கதை வேண்டாம். நிறுத்தாதவர்களுக்கு இந்தத் திட்டமிட்ட ஆபரேஷனை நான் தள்ளிப்போடுவேன். இருமலுக்கு நுரையீரல் டாக்டரைப் பார்த்து இன்ஹேலர், மூச்சுப் பயிற்சி. மலச்சிக்கல் இருந்தால் அதைச் சரி செய்ய வேண்டும். இந்த வயது ஆண்கள் பலர் புராஸ்டேட் வீக்கத்தால் முக்கி முக்கிச் சிறுநீர் கழித்துக்கொண்டு அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், தொப்பை கொஞ்சமாவது இறங்க வேண்டும். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வோம், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான குளோபிடோக்ரலைச் சில நாள் முன்பு நிறுத்தலாமா என்பதை இதய டாக்டர் சொல்ல வேண்டும், அதுவும் இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் நீங்களாக ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாது.

வயிற்று பெல்ட் பற்றி எல்லோரும் கேட்பார்கள். போட்டால் நடக்கும்போது இதமாக இருக்கும், இழுக்கிற வலி குறையும், அதற்காகப் போடலாம். ஓட்டையை அது மூடாது, பெரிதாவதையும் நம்பும்படி தடுக்காது. படுத்து, புடைப்பு உள்ளே போன பிறகு கட்டுங்கள், வெளியே இருக்கும்போது மேலேயே இறுக்கிக் கட்டுவது தப்பு. இரவில் கழற்றிவிடலாம்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. அயோர்டா வீக்கம் குடும்பத்தில் ஓடுகிற நோய். அப்பாவின் அண்ணன் தம்பி அக்கா தங்கைகள், 50 தாண்டிய பிள்ளைகள் எல்லோரும் வயிற்றில் ஒரு சாதாரண அல்ட்ராசவுண்டு எடுத்து அயோர்டாவின் அளவைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை, ஊசி கூடக் கிடையாது. சித்தப்பா பெரியப்பா யாராவது புகைபிடிப்பவர் என்றால் அவரை முதலில் கூட்டிப் போங்கள்.